பெற்றார் கையொப்பமும் பிள்ளையின் பாதுகாப்பும்

பாடசாலையிலிருந்து பிள்ளை ஒரு கடிதத்தைக் கொண்டு வருகின்றான். வகுப்பு மாணவர்களை மலையேற்றத்துக்கோ, கடற்கரையிற் பாசறை அமைப்பதற்கோ, வள்ளம் வலிப்பதற்கோ அழைத்துச் செல்ல இருப்பதாக அதிபர் அறிவித்திருக்கின்றார். கடிதத்தின் அடியிலே, கையொப்பம் இடவேண்டிய புள்ளிக்கோட்டுக்குச் சற்று மேலே, இரண்டொரு வரிகள் காணப்படுகின்றன. இப்பயணத்திலே தம் பிள்ளைக்கு யாதேனும் விபத்து நேரின் பாடசாலையோ ஆசிரியர்களோ அதற்குப் பொறுப்பாளிகள் அல்லர் என்பதைப் பெற்றார் ஏற்றுக்கொள்கின்றனர் என்பது அவ்வரிகளின் பொருள். கடிதம் மறுநாட் காலையிலே திரும்பிச் செல்லவேண்டும். தோழர்கள் எல்லாரும் போகின்றார்கள் என்று பிள்ளை பக்கத்தில் நின்று கூறுகின்றான். தாய் பேனாவைக் கையிலே எடுத்துவிட்டு ஒரு கணம் தயங்குகின்றாள்.

அந்தத் தயக்கத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். அவள் கையொப்பம் இட்டால் எதை விட்டுக்கொடுக்கின்றாள்? பாடசாலைக்கு அக்கையொப்பத்தாற் கிடைப்பது யாது? இவ்விரு வினாக்களுக்கும் நம்மவருள் நிலவும் விடைகள் பெரும்பாலும் பிழையானவை. "கையெழுத்து வைத்தாயிற்று, இனி எது நடந்தாலும் நாம் வாய் திறக்க முடியாது" என்று பெற்றார் எண்ணுகின்றனர். "கையெழுத்து வாங்கியாயிற்று, இனி எது நடந்தாலும் நமக்குப் பொறுப்பில்லை" என்று ஆசிரியருட் சிலர் எண்ணுகின்றனர். முன்னைய எண்ணம் நியாயம் தேட வேண்டியவரை வீட்டிலே முடக்கிவிடுகின்றது. பின்னைய எண்ணம் அதனினும் கொடியது. காக்கவேண்டியவரைக் கண்ணயரச் செய்துவிடுகின்றது.

அக்கடிதத்தை உற்று நோக்கினால் அதனுள்ளே இருவேறு காரியங்கள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருத்தல் புலனாகும். ஒன்று சம்மதம். பிள்ளை இன்ன இடத்துக்கு, இன்ன காரியத்துக்குச் செல்லலாம் என்று பெற்றார் இசைவது அது. மற்றையது பொறுப்பு விலக்கு. தீங்கு நேரின் நட்டஈடு கோரும் உரிமையை முன்கூட்டியே கைவிடுவது அது. சம்மதம் இன்றியமையாதது, பெற்றாருக்கு அறிவியாமல் ஒரு பிள்ளையைக் கடலுக்கோ காட்டுக்கோ அழைத்துச் செல்லுதல் தகாது. பொறுப்பு விலக்கின் தன்மையோ முற்றிலும் வேறு. இவ்விரண்டையும் ஒரே கையொப்பத்தின் கீழ் வைப்பதனாலேயே குழப்பம் பிறக்கின்றது.

இந்தப் பிரச்சினை புதிதன்று. இலங்கையிலே ஒருவர் மற்றொருவருக்கு இழைத்த தீங்குக்கு நட்டஈடு பெறுவது உரோம-ஒல்லாந்தச் சட்டத்தின் வழியே ஆகும். அச்சட்டத்தின் வேரோ கிறித்துவுக்கு முன் 3ஆம் நூற்றாண்டளவில் உரோமாபுரியில் எழுந்த அக்குவிலியச் சட்டத்திலே இருக்கின்றது. அதனை விளக்கிய உரோம நீதிநூலாசிரியர் விளையாட்டுக்களிலே நேரும் விபத்துக்களை அக்காலத்திலேயே ஆராய்ந்திருக்கின்றனர். அவர்களுடைய கருத்துக்கள் 533ஆம் ஆண்டில் ஜஸ்டீனியன் பேரரசன் வெளியிட்ட நீதித்தொகுப்பிலே பாதுகாக்கப்பட்டுள்ளன.

அவற்றுள் ஒன்று நம் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளிலே இன்றும் காணும் ஈட்டி எறிதலைப் பற்றியது. சிலர் ஈட்டி எறிந்து விளையாடும்போது ஓர் அடிமை கொல்லப்பட்டால், எறிந்தவர் பொறுப்பாளி ஆவார். ஆனால் ஈட்டி எறிவதற்கென்றே உள்ள திடலின் குறுக்கே அவ்வடிமை வேளையல்லாத வேளையிலே நடந்து சென்றிருந்தால், எறிந்தவர்மீது வழக்கில்லை. அப்பொழுதும் வேண்டுமென்றே அவனைக் குறிபார்த்து எறிந்தவர் தப்ப முடியாது. இன்னுமொன்று ஒரு நாவிதனைப் பற்றியது. சிலர் பந்தாடிக்கொண்டிருந்தனர். வேகமாக அடிக்கப்பட்ட பந்து அருகே சவரம் செய்துகொண்டிருந்த நாவிதனின் கையிலே பட்டது. கத்தி வழுவி, சவரம் செய்யப்பட்டவனின் கழுத்தை அறுத்துவிட்டது. பந்தாட்டம் வழக்கமாக நிகழும் இடத்திலே தொழில் நடத்தியமைக்காக நாவிதனைக் குறை கூறலாம் என்றனர் அறிஞர். ஆயினும் ஆபத்தான இடத்திலே இருக்கை போட்டிருக்கும் நாவிதனிடம் தானாகவே சென்று கழுத்தை நீட்டியவன் தன்னையே நொந்துகொள்ள வேண்டும் என்ற கருத்தும் பிழையன்று என அவர்கள் சேர்த்துக்கொண்டனர்.

அந்த இறுதிக் கருத்திலேதான் இன்றைய பொறுப்பு விலக்கின் வித்து இருக்கின்றது. ஓர் ஆபத்தை அறிந்து, அதன் அளவை உணர்ந்து, விரும்பி ஏற்றுக்கொண்டவன் பின்னர் அவ்வாபத்தைக் காரணமாகக் காட்டி மற்றவர்மீது குறை கூற முடியாது. இது நியாயமே. ஆனால் இவ்விதியிலே அடங்கிய மூன்று சொற்களையும் நாம் நன்கு கவனித்தல் வேண்டும். அறிதல், உணர்தல், விரும்பி ஏற்றல் என்ற மூன்றும் ஒருங்கே இருத்தல் அவசியம். மூன்றில் ஒன்று குறையினும் விதி பொருந்தாது.

உதைபந்தாட்டத்தை உதாரணமாகக் கொள்வோம். பந்துக்காக இருவர் மோதும்போது ஒருவனுடைய கால் முறிகின்றது. அவ்விளையாட்டோடு கூடப் பிறந்த ஆபத்து அது. விளையாடுபவனும் அதனை அறிவான்; அவனை அனுப்பிய பெற்றாரும் அறிவர். யாருடைய தவறும் இல்லாவிடத்து யாரையும் நட்டஈடு கேட்பதற்கில்லை. கையொப்பம் இடப்படாவிட்டாலும் நிலைமை இதுவே. இனி, இலக்குக் கம்பம் நிலத்திலே உறுதியாக ஊன்றப்படாமையால் அது சரிந்து ஒரு சிறுவன்மீது விழுகின்றது என வைத்துக்கொள்வோம். இது உதைபந்தாட்டத்தின் ஆபத்தா? அன்று. கம்பத்தை நாட்டியவரின் கவலையீனம் அது. எடுக்கவேண்டிய கவனத்தை எடாது விடுதலையே சட்டம் கவலையீனம் என்கின்றது. பிள்ளையை விளையாட அனுப்பிய தாய் ஆட்டத்திலே உள்ள இடர்களுக்கு இசைந்தாளேயன்றிக் கவலையீனத்துக்கு இசைந்தவள் அல்லள்.

இவ்வேறுபாட்டை உலகுக்கு மிகத் துயரமான முறையில் உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1993ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆம் திகதி, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் விரிகுடாவிலே, பிளிமத் நகரப் பாடசாலை ஒன்றைச் சேர்ந்த மாணவர் எண்மர், ஓர் ஆசிரியரோடும் பயிற்சி நிலையம் ஒன்றைச் சேர்ந்த இரு வழிகாட்டிகளோடும் சிறு வள்ளங்களிலே புறப்பட்டனர். சிறிது தூரத்திலே ஆசிரியரின் வள்ளம் கவிழ்ந்தது. ஒரு வழிகாட்டி அவரோடு தங்க, ஏனையோர் காற்றினாலும் அலையினாலும் ஆழ்கடலை நோக்கித் தள்ளப்பட்டனர். வள்ளங்களிலே நீர் நிறைந்தது. பிள்ளைகள் குளிர்ந்த நீரிலே பல மணி நேரம் தத்தளித்தனர். நால்வர் மாண்டனர்.

விசாரணையிலே வெளிவந்தவை எவை? அவ்வழிகாட்டிகள் பிள்ளைகளைக் கடலுக்கு அழைத்துச் செல்லத்தக்க தகுதி பெற்றவர் அல்லர். ஆபத்துக் காலத்திலே வானத்தில் ஒளி எழுப்பும் வெடிகள் அவர்களிடம் இருக்கவில்லை. வள்ளத்தினுள்ளே நீர் புகாமற் காக்கும் மூடிகள் வழங்கப்படவில்லை. திரும்பவேண்டிய வேளை கடந்து நெடுநேரமாகியும் கரையோரக் காவலருக்கு உடனே அறிவிக்கப்படவில்லை. இவற்றினும் கொடியது மற்றொன்று. அந்நிலையத்திலே முன்னர் பணியாற்றி விலகிய வழிகாட்டிகள் இருவர், அங்குள்ள பாதுகாப்புக் குறைகளைத் திருத்தாவிடின் ஒருநாள் யாரோ ஒருவரின் பிள்ளை வீடு திரும்பாது போகலாம் என்று கடிதம் எழுதி நிருவாகத்தை எச்சரித்திருந்தனர். 1994ஆம் ஆண்டிலே நிலையத்தை நடத்திய கம்பனியும் அதன் முகாமைப் பணிப்பாளரும் மரணம் விளைவித்த குற்றத்துக்குக் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். கம்பனிக்கு 60,000 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. பணிப்பாளருக்கு விதிக்கப்பட்ட மூன்றாண்டுச் சிறை, மேன்முறையீட்டிலே இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது. ஒரு கம்பனியே இத்தகைய குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டது ஆங்கிலச் சட்ட வரலாற்றில் அதுவே முதன்முறை. மறுவருடம், 1995இல், இளைஞருக்கான இத்தகைய நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெற்றே இயங்கவேண்டும் என்று பாராளுமன்றம் சட்டம் இயற்றியது.

நேயர்களே, இங்கே ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். வள்ளம் வலிக்கச் செல்லலாம் என்று ஒரு தாய் எழுதிக் கொடுக்கும்போது, நீரையும் காற்றையும் அவள் எண்ணிப் பார்த்திருப்பாள். தகுதியற்ற வழிகாட்டியையும், கவனியாது விடப்பட்ட எச்சரிக்கைக் கடிதத்தையும் அவள் எவ்வாறு எண்ணிப் பார்த்திருத்தல் கூடும்? அறியாத ஒன்றுக்கு ஒருவர் இசைவது எங்ஙனம்?

சட்டமும் இதே வினாவை எழுப்பியிருக்கின்றது. இங்கிலாந்திலே 1977ஆம் ஆண்டில் நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் பற்றிய சட்டம் நிறைவேறியது. தொழில் நடத்தும் ஒருவர் தமது கவலையீனத்தினால் மற்றொருவருக்கு மரணமோ உடற்காயமோ விளையின், அதற்கான பொறுப்பை எந்த ஒப்பந்த வாசகத்தாலும் எந்த அறிவித்தற் பலகையாலும் விலக்கிக்கொள்ள முடியாது என்று அச்சட்டம் விதித்தது. அத்தகைய வாசகத்தை ஒருவர் அறிந்திருந்தார் அல்லது அதற்கு உடன்பட்டார் என்ற ஒன்றையே கொண்டு, அவர் ஆபத்தை விரும்பி ஏற்றார் என்று கொள்ளலாகாது எனவும் அது கூறியது. இலங்கையிலும் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டமாக, அதனைப் பெரிதும் தழுவிய ஒரு சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆகையால், கட்டணம் பெற்றுக்கொண்டு மாணவரை ஆற்றிலே மிதவையிலும் மலையிலே கயிற்றிலும் ஏற்றிச் செல்லும் ஒரு நிறுவனம், எவ்வளவு பெரிய எழுத்திலே பொறுப்பு விலக்கை அச்சிட்டாலும், தன் கவலையீனத்தால் விளைந்த உயிர்ச்சேதத்துக்கு அதனை ஒரு கேடயமாகக் கொள்வதை இச்சட்டம் தடுக்கின்றது.

இனி, மற்றொரு வினா. காயம் அடைவது பிள்ளை. கையொப்பம் இடுவது தாய் அல்லது தந்தை. பிள்ளைக்கு உரிய உரிமையைப் பெற்றார் விட்டுக்கொடுக்கலாமா? நம் நாட்டிலே 1989ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின்னர், 18 வயது நிரம்பாதவர் பராயமடையாதவர் ஆவர். பராயமடையாதவர் பாதுகாவலரின் துணையின்றிச் செய்யும் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்பது உரோம-ஒல்லாந்தச் சட்டத்தின் பொதுவிதி. பாதுகாவலரின் துணையோடு செய்ததாயினும், அது பிள்ளையின் நலனுக்குப் பெருங்கேடாயின் அதனைத் தள்ளுபடி செய்து முன்னைய நிலைக்கு மீட்கும் வழியும் அச்சட்டத்தில் உண்டு. பெற்றாருக்குப் பிள்ளைமீது உள்ள அதிகாரம் பிள்ளையைக் காப்பதற்காகவே வழங்கப்பட்டது என்பதே இவ்விதிகளின் உட்கருத்து.

ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்களிலே இவ்வினாவுக்கு ஒரே விடை கிடைத்திலது. வாசிங்டன் மாநிலத்திலே, பாடசாலைகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிகளிற் பங்குபற்ற விரும்பும் மாணவரும் பெற்றாரும் பாடசாலை மாவட்டத்தின் கவலையீனத்துக்கும் பொறுப்பு விலக்கு எழுதிக் கொடுக்கவேண்டும் என்று வற்புறுத்தப்பட்டனர். அம்மாநில உயர் நீதிமன்றம் 1988ஆம் ஆண்டிலே அவ்வழக்கம் பொதுநலனுக்கு முரணானது எனத் தள்ளியது. கையொப்பம் இடாவிட்டால் விளையாட்டில்லை என்ற நிலையிலே, பேரம் பேசும் வலிமை ஒரு பக்கத்துக்கே இருந்தது. பிள்ளையோ முற்றாகப் பாடசாலையின் ஆளுகையிலே இருந்தான். ஆனால் ஒகையோ மாநிலத்திலே, உதைபந்தாட்டப் பயிற்சி முடிந்தபின் இலக்குக் கம்பத்திலே தொங்கி ஆடிய ஏழு வயதுச் சிறுவன்மீது அக்கம்பம் விழுந்த வழக்கிலே, தாய் எழுதிக் கொடுத்த பொறுப்பு விலக்கு செல்லும் என 1998ஆம் ஆண்டிலே தீர்ப்பளிக்கப்பட்டது. அக்கழகம் ஊதியம் பெறாத தொண்டர்களால் நடத்தப்பட்டது. அவர்கள் வழக்குக்கு அஞ்சி விலகிவிட்டால் ஊர்ப்பிள்ளைகளுக்கு விளையாட்டே இல்லாது போகும் என்பது நீதிபதிகளின் கவலை. 2006ஆம் ஆண்டிலே நியூ ஜேர்சி மாநில நீதிமன்றமோ, இலாபத்துக்காக நடத்தப்பட்ட சறுக்குப்பலகை விளையாட்டரங்கு ஒன்றிலே காயமுற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனின் வழக்கிலே, பெற்றார் முன்கூட்டி எழுதிக் கொடுத்த விலக்கு பிள்ளையைக் கட்டுப்படுத்தாது என்றது. ஆபத்தை முன்னறிந்து தடுக்கவும், அதற்கான செலவைத் தாங்கவும் வல்லவர் அரங்கை நடத்துபவரே என்பது அங்கே எடுத்துக்காட்டப்பட்ட நியாயங்களுள் ஒன்று.

நம் நாட்டுப் பிள்ளைகளுட் பெரும்பாலோர் அரசாங்கப் பாடசாலைகளிலே பயில்கின்றனர். அரசின்மீது தீங்குக்காக வழக்குத் தொடர முடியாது என்ற நிலை முன்னொரு காலத்திலே இருந்தது. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதனை மாற்றி, தன் ஊழியர் கடமையின்போது இழைக்கும் தீங்குக்கு அரசும் பொறுப்பாளி ஆகலாம் என்று வகுத்தது. வேலையை வெளியாரிடம் ஒப்படைத்துவிட்டாற் பொறுப்பும் அவர்களோடு போய்விடும் என்று எண்ணுவோருக்கு இங்கிலாந்து வழக்கொன்று நல்ல பாடம். அங்கே 2000ஆம் ஆண்டிலே, வெளியார் நடத்திய பாடசாலை நீச்சல் வகுப்பொன்றிலே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நீரில் மூழ்கி மூளை பாதிக்கப்பட்டாள். பாடசாலை வேளையிலே, பாடசாலை தன் கடமையாக ஏற்ற பயிற்சியிலே, பிள்ளையைக் காக்கும் கடமையை மற்றொருவரிடம் கைமாற்றிவிட முடியாது என்று ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம் 2013ஆம் ஆண்டிலே விளக்கியது.

இவற்றைக் கேட்கும் ஆசிரியர் ஒருவர், "அப்படியானால் நாம் ஏன் பிள்ளைகளை எங்கேனும் அழைத்துச் செல்லவேண்டும்? வகுப்பறைக்குள்ளேயே இருத்தி வைத்தல் நன்றன்றோ?" என்று கேட்கக்கூடும். அவருடைய அச்சத்தை நாம் இகழ்தல் கூடாது. ஊதியத்துக்கு மேலாக, விடுமுறை நாளிலே, தம் சொந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பிறர் பிள்ளைகளோடு மலையேறுபவர் அவர். அவருக்குச் சட்டம் கூறும் ஆறுதலும் உண்டு. ஆசிரியர் மாணவரைக் கவனமுள்ள ஒரு தந்தை தம் மக்களைக் காப்பதுபோற் காத்தல் வேண்டும் என்பது 1893ஆம் ஆண்டிலே ஆங்கில நீதிமன்றம் கூறிய அளவுகோல். கவனமுள்ள தந்தை பிள்ளையை மரத்தில் ஏறவே கூடாது என்று கட்டி வைப்பதில்லை; எந்தக் கிளை தாங்கும், எந்தக் கிளை தாங்காது என்று காட்டிக் கொடுப்பான். செஷயர் பகுதியிலே நீந்தத் தடை செய்யப்பட்ட ஏரியொன்றின் ஆழமில்லாத நீரிலே தலைகுப்புறப் பாய்ந்து கழுத்து முறிந்த பதினெட்டு வயது இளைஞனின் வழக்கிலே, 2003ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபை நட்டஈட்டை மறுத்தது. வெளிப்படையான ஓர் ஆபத்தை ஒருவர் தாமே தேடிக்கொண்டமைக்காக, எல்லாரும் மகிழும் நீர்க்கரையை மூடிவிடுதல் முறையன்று என்று அச்சபை கருதியது. ஆகவே சட்டம் ஆசிரியரிடம் கேட்பது கவனம் ஒன்றே. விபத்தே நேராமை என்னும் உறுதிமொழியை அது கேட்கவில்லை.

அவ்வாறாயின் நாம் தொடக்கத்திற் பேசிய கடிதத்தைக் கிழித்தெறிந்துவிடலாமா? வேண்டா. அதனைத் திருத்தி எழுதுதலே தக்கது. நல்ல கடிதம் பெற்றாருக்குப் பின்வருவனவற்றைத் தெளிவாக அறிவிக்கும்: செல்லும் இடம், புறப்படும் வேளை, திரும்பும் வேளை, பிள்ளைகள் அங்கே செய்யப்போகும் காரியம், அதிலுள்ள இடர், உடன் செல்லும் ஆசிரியர் எத்தனை பேர், வழிகாட்டியின் தகுதி யாது, நீரிலே இறங்குவதாயின் உயிர்காப்பு அங்கியும் உயிர்காப்போரும் உளரா, முதலுதவி அறிந்தவர் யார், அண்மையிலுள்ள வைத்தியசாலை எது, வானிலை மாறினால் யார் பயணத்தை நிறுத்துவார், காப்புறுதி உண்டா. பெற்றாரும் தம் பங்குக்கு மறையாது எழுதவேண்டியவை உள. பிள்ளைக்கு இழுப்பு நோய் உண்டா, வலிப்பு உண்டா, எந்த மருந்து ஒவ்வாது, நீந்தத் தெரியுமா என்பவற்றை அவர்கள் தெரிவித்தல் வேண்டும். பிள்ளை விட்டுவிடப்படுமே என்ற ஆசையினால் இவற்றை மறைக்கும் பெற்றாரும் கவலையீனர்களே.

இப்படி எழுதப்பட்ட கடிதத்திலே இடும் கையொப்பம் பெறுமதி உடையது. தாய் அறிந்தாள், உணர்ந்தாள், விரும்பி இசைந்தாள் என்பதற்கு அது சான்று. ஆசிரியர் எண்ணிப் பார்த்தார், ஆயத்தம் செய்தார், ஒளிக்காமற் சொன்னார் என்பதற்கும் அதுவே சான்று. பின்னொருநாள் வழக்கு வந்தால், "எமக்குப் பொறுப்பில்லை" என்ற ஒற்றை வரியை விட இத்தகைய கடிதமே கவனமுள்ள ஆசிரியருக்குப் பெருந்துணை ஆகும்.

ஆதலின், பேனாவைக் கையிலே பிடித்துத் தயங்கி நின்ற அத்தாய்க்கு நாம் கூறக்கூடியது இதுவே. அம்மா, உங்கள் தயக்கம் நியாயமானது. அதனை வினாவாக மாற்றுங்கள். நாளைக் காலையிலே பிள்ளையோடு பாடசாலைக்குச் சென்று, யார் உடன் போகின்றார்கள், என்ன ஆயத்தம் செய்திருக்கின்றார்கள் என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் அவ்வினாவுக்குச் சினம் கொள்ளார். விடை அவரிடம் ஏற்கெனவே இருக்கும். விடை திருப்தி தருமாயின் மகிழ்ச்சியோடு கையொப்பம் இட்டு அனுப்புங்கள். மலையும் கடலும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடங்கள் பலவற்றை நூல்கள் கற்பியா. ஆயினும் விடை கிடையாவிட்டால், தோழர்கள் எல்லாரும் போனாலும், அந்தப் புள்ளிக்கோடு வெறுமையாகவே இருக்கட்டும்.